மூக்கை மூடினால் மட்டும் போதுமா?

தீவகத்தில் எந்தத் தெருவால் நடந்தாலும் கூரை இல்லாத வீடொன்றாவது கண்ணிற் படும். 1990 ஆம், 1991 ஆம் ஆண்டுகளின் இடப்பெயர்வின்போது விட்டுவிட்டுப் போன வீடுகள் அவை. ஓடு போய், நிலை கதவு போய், சுவருக்குள் மரம் வேர்விட்டு நிற்கின்றன. வேலணை, புங்குடுதீவு, ஊர்காவற்றுறை ஆகிய இடங்களில் இவ்வாறான வீடுகளிற் சில இப்போது திருத்தப்படுகின்றன. உரிமையாளர் பெரும்பாலும் வெளிநாட்டில் இருப்பார். வேலையைப் பொறுப்பெடுப்பவர் ஒரு மேசன். இடிந்த சுவரை அள்ளுவதற்கும், கல் மண் சுமப்பதற்கும், சீமெந்து குழைக்க உதவுவதற்கும், வேலை முடிந்தபின் வீட்டைக் கூட்டிக் கழுவுவதற்கும் பெண்களும் போகிறார்கள். இவர்களிற் பலர் யுத்தத்தில் கணவனை இழந்து, அல்லது கணவன் எங்கே என்று தெரியாமல், குடும்பத்தைத் தனியே சுமப்பவர்கள்.

தூசி வேலை இது ஒன்று மட்டுமல்ல. சீமெந்துக்கல் அரியும் இடம், மிளகாய்த்தூளும் ஒடியல் மாவும் அரைக்கும் ஆலை, தும்பு அடிக்கும் கொட்டில், கோழிக்கூடு என்று பெண்கள் நாட்கூலிக்குச் செல்லும் இடங்கள் பலவற்றிலும் தூசி உண்டு. இங்கெல்லாம் சகோதரிகள் எதனால் மூக்கை மூடுகிறார்கள் என்று பாருங்கள். சிலர் சேலைத் தலைப்பை இழுத்துக் கட்டுகிறார்கள். சிலர் பழைய துவாயைச் சுற்றுகிறார்கள். பலர் 2020 ஆம் ஆண்டு கொரோனாக் காலத்தில் பழகிய மெல்லிய நீல நிற முகக்கவசத்தை மாட்டிக் கொள்கிறார்கள். "மாஸ்க் போட்டிருக்கிறன்தானே அக்கா, பயமில்லை" என்ற பதிலே பெரும்பாலும் கிடைக்கிறது.

உண்மையில் பயமில்லையா? எந்த வேலைக்கு எந்தக் கவசம் உதவும், எதற்கு எந்தக் கவசமும் உதவாது என்பவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

தூசி எங்கே போகிறது?

எமது மூக்கு ஒரு நல்ல காவற்காரன். பெரிய தூசியை மூக்கிலுள்ள மயிர்களும் ஈரமும் பிடித்து வைக்கின்றன. தப்பிச் சென்றவற்றைத் தொண்டையிலும் சுவாசக் குழாயிலும் உள்ள சளி பிடித்து, இருமலோடு வெளியே தள்ளுகின்றது. மாலையில் வீடு திரும்பி வாய் கொப்பளிக்கும்போது சாம்பல் நிறமாக வருவது இதுதான். அது வெளியே வந்துவிட்ட தூசி.

வெளியே வராத தூசியே எமக்குக் கேடு செய்வது. ஒரு மில்லிமீற்றரை ஆயிரம் பங்காகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு மைக்ரோன் ஆகும். எமது தலைமயிர் ஏறத்தாழ 70 மைக்ரோன் தடிப்பானது. 5 மைக்ரோனுக்கும் குறைந்த தூசி, மூக்கையும் சளியையும் கடந்து நுரையீரலின் அடியிலுள்ள சின்னஞ்சிறு காற்றுப் பைகள் வரை போய்விடும். இவ்வளவு நுண்ணிய தூசியைக் கண்ணால் காண முடியாது. வீடு கூட்டி முடித்து, புழுதி அடங்கிவிட்டது என்று நாம் துணியை அவிழ்க்கும் வேளையிலும் அது காற்றில் மிதந்து கொண்டிருக்கும்.

மணல், செங்கல், கருங்கல், கொங்கிறீற்று, தரை ஓடு ஆகியவற்றில் சிலிக்கா என்ற கனிமம் உண்டு. இவற்றை வெட்டும்போதும், தேய்க்கும்போதும், உடைக்கும்போதும் அது நுண்தூசியாகி நுரையீரலிற் படிகின்றது. நுரையீரல் சிறிது சிறிதாகத் தழும்பேறி இறுகிப் போகும். இதுவே சிலிக்கோசிஸ் எனப்படும் நோய். இதைக் குணமாக்கும் மருந்து இல்லை. இந்நோய் உள்ளவர்களைக் காசநோயும் எளிதிற் பற்றிக் கொள்ளும். இத்தூசி புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1997 இல் உறுதிப்படுத்தியது. இந்தியாவில் குஜராத்தின் கம்பாத் பகுதியில் அகேற் எனப்படும் மணிக்கற்களை வீட்டிலிருந்தே தேய்த்து வந்த குடும்பங்களில் ஆண், பெண் இருபாலாரும் இந்நோய்க்கு ஆளானார்கள். தொழிற்சாலைக்குப் போனால்தான் தொழில் நோய் வரும் என்று எண்ணிவிடக் கூடாது.

33 வயதில் முடிந்த ஒரு வாழ்க்கை

கூரைக்கு நாம் இடும் அஸ்பெஸ்டஸ் சீற்றைப் பற்றிச் சொல்லுமுன் ஒரு பெண்ணின் கதையைச் சொல்ல வேண்டும்.

இங்கிலாந்தின் றொச்டேல் நகரைச் சேர்ந்தவர் நெலி கேர்ஷோ. 12 வயதிலேயே பள்ளிக்கூடத்தை விட்டு ஆலை வேலைக்குப் போனவர். அஸ்பெஸ்டஸ் நாரை நூலாக்குவது அவரது வேலை. காலப்போக்கில் மூச்சு வாங்கத் தொடங்கியது. வேலை செய்ய முடியாமற் போனதும் நிறுவனத்திடம் உதவி கேட்டார். தமது ஆலையினால் அந்நோய் வந்தது என்பதை நிறுவனம் ஏற்கவில்லை. 1924 மார்ச் மாதம் 33 வயதில் அவர் இறந்தார். ஈமச் செலவுக்கு உதவக்கூட நிறுவனம் மறுத்துவிட்டது. அவரது நுரையீரலை ஆராய்ந்த வைத்தியர் வில்லியம் குக், அதனுள் அஸ்பெஸ்டஸ் துகள்கள் இருந்ததை மருத்துவ சஞ்சிகையில் எழுதினார். அதன் பின்னரே ஆராய்ச்சிகள் நடந்து, 1931 இல் அந்நாட்டில் அஸ்பெஸ்டஸ் தொழிலுக்கான முதற் சட்ட விதிகள் வந்தன. நெலி கேர்ஷோவுக்கு அவை உதவவில்லை.

1965 இல் லண்டனில் வெளிவந்த ஓர் ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. ஆலைக்கே போகாத பெண்கள் சிலருக்கும் அஸ்பெஸ்டஸால் வரும் புற்றுநோய் வந்திருந்தது. கணவனின் வேலை உடுப்பைத் தோய்த்ததுதான் அவர்கள் செய்த வேலை.

இன்று அறுபதுக்கு மேற்பட்ட நாடுகளில் அஸ்பெஸ்டஸ் தடை செய்யப்பட்டுள்ளது. அமெரிக்கா 2024 மார்ச்சில் அங்கு எஞ்சியிருந்த வெள்ளை அஸ்பெஸ்டஸ் பாவனையைத் தடை செய்யும் விதியைக் கொண்டு வந்தது. எமது நாட்டிலும் 2018 முதல் இறக்குமதியைக் கட்டுப்படுத்துவதற்குத் தீர்மானிக்கப்பட்டது. ஆனால் 2017 டிசம்பரில் தேயிலைப் பொதியொன்றில் வண்டு இருந்ததென்று கூறி ரஷ்யா எமது தேயிலையை நிறுத்தியது. எமக்கு அஸ்பெஸ்டஸ் விற்கும் முக்கிய நாடும் ரஷ்யாவேதான். அந்த வேளையில் எமது அரசு அஸ்பெஸ்டஸ் கட்டுப்பாட்டைப் பிற்போட்டது. ஆகையால் எமது கூரைகளில் அந்தச் சீற்றுகள் இன்றும் இருக்கின்றன.

இதற்காக நாளைக்கே கூரையைப் பிரிக்க வேண்டியதில்லை. உடையாமல், துளைக்காமல், தேய்க்காமல் இருக்கும் சீற்றிலிருந்து நார் பெரிதாக வெளிவருவதில்லை. அதை உடைக்கும்போதும், வெட்டும்போதும், பாசி போக்குவதற்காகத் தேய்க்கும்போதும், உடைந்த துண்டுகளைக் கூட்டி அள்ளும்போதுமே ஆபத்து. இந்த அள்ளும் வேலை பெரும்பாலும் பெண்களிடமே விடப்படுகின்றது. அஸ்பெஸ்டஸ் நோய் வெளியே தெரிய 20 முதல் 50 ஆண்டுகள் வரை செல்லலாம் என்பதால், இன்று ஒன்றும் செய்யவில்லை என்பது நாளைக்கு உத்தரவாதம் ஆகாது.

மூன்று வகைக் கவசங்கள்

முதலாவது துணி. சேலைத் தலைப்போ துவாயோ கண்ணுக்குத் தெரியும் புழுதியைச் சற்றுத் தடுக்கும். நுண்தூசி இழைகளுக்கு இடையே புகுந்துவிடும்.

இரண்டாவது நீல நிற வைத்தியசாலைக் கவசம். அணிபவரின் எச்சிலும் சளியும் மற்றவர் மீது படாமற் காக்கவே அது முதன்மையாகச் செய்யப்பட்டது. கன்னத்தின் இரு பக்கமும் அது திறந்தே இருக்கும். நாம் மூச்சை இழுக்கும்போது காற்று இலகுவான வழியையே தேடும். துணியைக் கடந்து வராமல், அந்த இடைவெளியால் தூசியோடு உள்ளே வந்துவிடும்.

மூன்றாவதுதான் தூசி வேலைக்குரிய சுவாசக் கவசம். கிண்ணம் போன்றோ, நடுவில் மடிப்புள்ளதாகவோ இருக்கும். முகத்தோடு சுற்றிவர ஒட்டிப் பிடிக்கும். இதன் நடுப்படையில் மின்னேற்றம் பெற்ற மிக நுண்ணிய பிளாஸ்டிக் இழைகள் உண்டு. பிளாஸ்டிக் சீப்பால் தலைவாரிய பின் அதைக் கடதாசித் துண்டுக்கு அருகே பிடித்தால், கடதாசி தாவி ஒட்டிக் கொள்ளும் அல்லவா? அதுபோல இந்த இழைகள் தூசியைத் தம்பக்கம் இழுத்துப் பிடிக்கின்றன.

இதிலிருந்து ஒரு முக்கிய விடயம் விளங்கும். சவர்க்காரம் போட்டுத் தோய்த்தாலும், ஸ்பிரிட் தெளித்தாலும் அந்த மின்னேற்றம் போய்விடும். தோய்த்துக் காயவைத்த கவசம் பார்வைக்குப் புதிதுபோலத்தான் இருக்கும். ஆனால் அது முன்போலத் தூசியைப் பிடிக்காது.

எழுத்தும் எண்ணும் சொல்வது என்ன?

கடையில் வாங்கும்போது கவசத்தின் மேல் அச்சிட்டிருப்பதைப் பாருங்கள். ஆங்கிலம் தெரியாதவர்கள் பிள்ளைகளைக் கொண்டு வாசிப்பிக்கலாம்.

'என் 95' என்பது அமெரிக்கத் தரம். பிடிப்பதற்கு மிகக் கடினமான அளவுத் தூசியில் குறைந்தது 95 வீதத்தைத் தடுக்கும் என்பது இதன் பொருள். 'என்' என்ற எழுத்து, எண்ணெய்த் துளிகள் கலந்த காற்றுக்கு இது உகந்ததல்ல என்பதைக் குறிக்கும். எண்ணெய்க்கும் தாங்கக்கூடியவை 'பி' என்ற எழுத்தோடு வரும்.

'எவ்.எவ்.பி.' என்பது ஐரோப்பியத் தரம். இதில் 1, 2, 3 என மூன்று படிகள் உண்டு. முதலாவது 80 வீதம், இரண்டாவது 94 வீதம், மூன்றாவது 99 வீதம் தூசியைத் தடுக்கும். ஆகவே 'எவ்.எவ்.பி. 2' ஏறத்தாழ 'என் 95' இற்குச் சமம். இதனோடு 'என்.ஆர்.' என்று இருந்தால் ஒரு வேலை நாளுக்கு மேல் பாவிக்கக் கூடாது என்று அர்த்தம்.

'கே.என். 95' என்பது சீனத் தரம். வடிகட்டும் அளவு 95 வீதமே. ஆயினும் இவற்றிற் பெரும்பாலானவை காதில் மாட்டுபவை. காதில் மாட்டும் கவசம் தலையைச் சுற்றிக் கட்டும் கவசத்தைப் போல இறுகப் பிடிப்பதில்லை. இரண்டும் கிடைக்குமானால் தலையைச் சுற்றி இரண்டு பட்டிகள் உள்ளதையே எடுங்கள்.

போலிகளும் சந்தையில் உண்டு. ஒரு எழுத்தோ எண்ணோ இல்லாத கவசத்தை நம்ப வேண்டாம். அமெரிக்க அங்கீகாரம் பெற்ற 'என் 95' கவசத்தில் 'ரீ.சி. 84 ஏ' என்று தொடங்கும் இலக்கம் இருக்கும். பட்டிகள் தலையைச் சுற்றியே வரும், காதில் மாட்டுவதாக இராது. ஐரோப்பியக் கவசத்தில் 'ஈ.என். 149' என்ற தர இலக்கமும், 'சி.ஈ.' என்ற எழுத்துகளும், அருகே நான்கு இலக்க எண்ணும் இருக்கும். பெட்டியிலுள்ள காலாவதித் திகதியையும் பார்க்க வேண்டும். நெடுந்தீவு, நயினாதீவுச் சகோதரிகள் யாழ்ப்பாணத்தில் வாங்குவதாயின், குறிகட்டுவானுக்கு பஸ் ஏறுமுன்பே இவற்றைச் சரிபார்த்துவிடுங்கள். மாற்றுவதற்காக மீண்டும் கடல் கடந்து வருவது இலேசான காரியமல்ல.

எந்த வேலைக்கு எது?

'காற்றிலே என்ன இருக்கிறது?' என்பதே கவசம் தெரிவு செய்யுமுன் கேட்க வேண்டிய கேள்வி. தூசியா, நாரா, வாயுவா என்பதைப் பொறுத்தே விடை அமையும்.

கூட்டுதல், சுண்ணாம்புச் சாந்து சுரண்டுதல், சீமெந்துப் பை கொட்டுதல், மா ஆலை, மிளகாய் ஆலை, தும்பு வேலை: 'என் 95' அல்லது 'எவ்.எவ்.பி. 2' போதுமானது. சீமெந்தும் மிளகாயும் கண்ணையும் தாக்குவதால் கண்ணாடியும் அணிதல் நல்லது.

கோழிக்கூடு, வௌவால் அடைந்த வீடு: காய்ந்த எச்சத்தில் வளரும் பூஞ்சணம் நுரையீரலுக்குப் போகலாம். முதலில் நீர் தெளித்து நன்றாக நனைத்த பின், இதே கவசத்தோடு அள்ளுங்கள். காய்ந்த எச்சத்தைத் தும்புத்தடியால் கூட்டவே கூடாது.

கல், தரை ஓடு, கொங்கிறீற்று ஆகியவற்றை மெஷினால் வெட்டும் இடம்: 'எவ்.எவ்.பி. 3' வேண்டும். வெட்டும்போது நீர் ஊற்றவும் வேண்டும். வெட்டுபவர் மட்டுமன்றி அருகில் நிற்கும் கையாளும் அணிய வேண்டும். உங்களுக்கு அங்கு வேலை இல்லையாயின், வெட்டி முடியும்வரை விலகி நில்லுங்கள்.

அஸ்பெஸ்டஸ் சீற்: சாதாரண 'என் 95' இதற்குப் போதாது. பிரித்தானியாவில் குறுகிய நேர, சிறிய அளவு வேலைக்கு மட்டும் 'எவ்.எவ்.பி. 3' அனுமதிக்கப்படுகின்றது. அமெரிக்காவிலோ ஒருமுறை பாவித்து எறியும் எந்தக் கவசமும் அஸ்பெஸ்டஸ் வேலைக்கு அனுமதிக்கப்படுவதில்லை. எனவே கவசத்தை நம்பி இதில் இறங்க வேண்டாம். சீற்றைச் சுத்தியலால் அடித்து இறக்காமல், நனைத்து, ஆணியைக் கழற்றி முழுதாக இறக்கும்படி மேசனிடம் கேளுங்கள். உடைந்த துண்டுகளை ஈரத்தோடு தடித்த பையில் இட்டுக் கட்டுங்கள். அந்த உடுப்பை உதறாமல், பிள்ளைகளின் உடுப்போடு சேர்க்காமல் தனியே நனைத்துத் தோயுங்கள்.

பூச்சி மருந்து, பெயின்ற், தின்னர்: இங்கு காற்றில் இருப்பது ஆவி. தூசிக் கவசம் ஆவியைத் தடுக்காது. இவற்றுக்குக் கரி வடிகட்டி பூட்டிய இறப்பர்க் கவசம் தேவை. எந்த வாயுவுக்கு உரியது என்று வடிகட்டியில் எழுதியிருக்கும். மருந்துப் போத்தலின் லேபலையும் வாசிக்க வேண்டும். பூச்சி மருந்து தோலாலும் உடம்பிற் சேரும் என்பதால் கையுறையும் முழுக்கைச் சட்டையும் அவசியம்.

மலசலகூடம் கழுவுதல்: அசிற்றையும் குளோரினையும் ஒன்றாகக் கலக்காதீர்கள். கலந்தால் நச்சு வாயு கிளம்பும். தூசிக் கவசம் அதைத் தடுக்காது.

கிணறு இறைத்தல்: எண்ணெயில் இயங்கும் இறைக்கும் மெஷினைக் கிணற்றுக்குள் இறக்கி ஓடவிட்டால், அதன் புகையிலுள்ள காபனோரொட்சைட்டு வாயு உள்ளே தேங்கும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இறங்கியவர் மயங்கி விழுவார். காப்பாற்ற இறங்குபவரும் விழுவார். இந்தக் கட்டுரையிற் சொன்ன எந்தக் கவசமும் இங்கு உயிரைக் காக்காது. மெஷின் வெளியேதான் நிற்க வேண்டும்.

அணிவதிலும் ஒரு முறை உண்டு

நல்ல கவசம் வாங்கியும் அணியும் முறையால் பயனை இழந்துவிடுகிறோம். மேற்பட்டி உச்சந்தலையின் பின்புறமும், கீழ்ப்பட்டி காதுக்குக் கீழே கழுத்தின் பின்புறமும் வர வேண்டும். கொண்டை உயரமாக இருந்தால் மேற்பட்டி வழுகும். எனவே தலைமயிரைத் தாழ்வாக முடியுங்கள். மூக்கின் மேலுள்ள தகட்டை இரு கை விரல்களாலும் அழுத்தி மூக்கின் வடிவுக்கு வளையுங்கள்.

கவசத்தின் விளிம்புக்கும் தோலுக்கும் இடையில் எதுவும் இருக்கக் கூடாது. சேலைத் தலைப்பை முதலில் கட்டி அதன்மேல் கவசம் போடுவது வீண். தலையை மூடும் முஸ்லிம் சகோதரிகளும் கவசத்தின் விளிம்பு நேரே முகத்தோலில் படுமாறு பார்த்துக் கொள்ள வேண்டும். துணியை அதன் மேலாக விடலாம்.

பின்னர் சோதித்துப் பாருங்கள். இரு கைகளாலும் கவசத்தைப் பொத்திக்கொண்டு மூச்சை வேகமாக விடுங்கள். கண்ணருகிலோ கன்னத்திலோ காற்று பட்டால் அங்கே இடைவெளி உண்டு. இனி மூச்சை உள்ளிழுங்கள். கவசம் சற்று முகத்தை நோக்கி ஒடுங்க வேண்டும். மூக்குக்கண்ணாடி புகார் பிடித்தால் மூக்குப் பக்கம் சரியாக ஒட்டவில்லை என்று பொருள். எவ்வளவு சரிசெய்தும் காற்று கசிந்தால் அந்தக் கவசம் உங்கள் முகத்துக்குரியது அல்ல. சிறிய முகமுள்ள பெண்களுக்கு இது அடிக்கடி நேரும். சிறிய அளவு உண்டா என்று கடையிற் கேளுங்கள்.

"உதைப் போட்டால் மூச்சு முட்டுது அக்கா, வேலை ஓடாது" என்று சொல்பவர்கள் உண்டு. அது உண்மையான கஷ்டமே. வெளிமூச்சு விடும் வால்வு உள்ள கவசத்தில் வெக்கை குறையும். தூசி வேலைக்கு அது நல்லது. ஆனால் உங்களுக்குத் தடிமனோ காய்ச்சலோ இருக்கையில், அருகில் இருப்பவரை வால்வுக் கவசம் காக்காது. தொய்வு, இருதய நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் வைத்தியரிடம் கேட்ட பின்பே இறுக்கமான கவசம் அணிய வேண்டும். இடைக்கிடை தூசியில்லாத இடத்துக்குப் போய்க் கழற்றி இளைப்பாறுங்கள்.

மூச்சு இழுப்பது வழமையைவிடக் கடினமானால், வியர்வையில் ஊறினால், உள்ளே தூசி படிந்தால், பட்டி தளர்ந்தால் கவசத்தை மாற்ற வேண்டும். இடைவேளையில் கழுத்தில் தொங்கவிட்டால் உட்புறம் முழுவதும் தூசி ஏறும். கடதாசிப் பையில் வையுங்கள். ஒருவர் பாவித்ததை இன்னொருவர் அணிய வேண்டாம்.

கவசத்துக்கு முன்னே தண்ணீர்

தூசி காற்றில் எழாவிட்டால் கவசத்துக்கு வேலையே இல்லை. எனவே முதலில் செய்ய வேண்டியது நனைப்பது. தீவகத்தில் தண்ணீர் எவ்வளவு அருமையானது என்பதை அறிந்தே இதைச் சொல்கிறேன். இடிபாட்டை நனைக்கக் குடிதண்ணீர் தேவையில்லை. உவர்க் கிணற்றுத் தண்ணீரே போதும். சாந்து குழைக்கத்தான் உவர்நீர் ஆகாது. சோளகக் காற்று வீசும் மாதங்களில் காற்று உங்கள் முதுகில் படுமாறு நின்று வேலை செய்யுங்கள். தூசி உங்களை விட்டு அப்பால் போகும். தூசிக்குள் சாப்பாட்டுப் பொதியைத் திறக்காதீர்கள். முகம், கை கழுவி, முடியுமாயின் உடுப்பு மாற்றிய பின் பிள்ளையைத் தூக்குங்கள்.

யார் வாங்கித் தருவது?

நாட்கூலியில் அரிசியும் பாலும் பிள்ளையின் கொப்பியும் வாங்க வேண்டிய ஒரு தாய், நாளொன்றுக்கு ஒரு கவசத்தை எறியும்படி சொன்னால் சிரிப்பாள். அவள் சிரிப்பதில் நியாயம் இருக்கின்றது. வேலையால் வரும் ஆபத்துக்கு வேலை தருபவரே பாதுகாப்புத் தர வேண்டும். தொழிற்சாலைகளில் தூசியிலிருந்து தொழிலாளரைக் காக்கும் கடமையை 1942 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் உரிமையாளர் மீது சுமத்துகின்றது. 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் விபத்துக்கு மட்டுமன்றித் தொழில் நோய்களுக்கும் நட்டஈடு பற்றிப் பேசுகின்றது. ஆலையிலோ கல் அரியும் நிலையத்திலோ வேலை செய்பவர்கள் தொழில் திணைக்களத்தின் யாழ்ப்பாண அலுவலகத்தில் விசாரிக்கலாம்.

வீடு திருத்தும் வேலையில் நிலைமை வேறு. எழுத்தில் ஒன்றும் இல்லை. மேசன் உரிமையாளரைக் காட்டுவார், உரிமையாளர் கனடாவிலோ சுவிசிலோ இருப்பார். ஆகவே வேலை தொடங்குமுன், கூலி பேசும் அதே நேரத்தில் கவசத்தையும் பேசிவிட வேண்டும். தனியே ஒருத்தி கேட்டால், "விருப்பமில்லாட்டில் நில்லுங்கோ, வேறை ஆள் இருக்கு" என்று சொல்லிவிடலாம். வேலைக்குப் போகும் நான்கைந்து பேரும் சேர்ந்து கேட்டால் அப்படிச் சொல்வது கடினம். ஓட்டுக்கும் பெயின்றுக்கும் செலவுக் கணக்கு எழுதும்போது ஒரு பெட்டிக் கவசத்தையும் அதில் சேர்க்கும்படி சொல்லுங்கள். புலம்பெயர்ந்த நாடுகளில் கட்டட வேலை செய்யும் எமது உறவுகள் தாம் கவசம் இல்லாமல் கல் வெட்டப் போவதில்லை. இங்கே தமது வீட்டில் வேலை செய்யும் பெண்ணுக்கும் அது தேவை என்பதை எடுத்துச் சொன்னால் அவர்களுக்கு விளங்கும்.

மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்கள் ஒரு பெட்டியை மொத்தமாக வாங்கி வைத்து, உறுப்பினர்களுக்குத் தேவையானபோது கொள்விலைக்கே கொடுக்கலாம். பெட்டியாக வாங்கும்போது தர இலக்கத்தையும் திகதியையும் பார்ப்பதும் இலகு.

வைத்தியரிடம் சொல்ல வேண்டியது

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தாலும், முன்பு ஓய்வின்றி நடந்த தூரத்தில் இப்போது மூச்சு வாங்கினாலும், சளியில் இரத்தம் கண்டாலும் தாமதிக்க வேண்டாம். அருகிலுள்ள அரச வைத்தியசாலைக்குப் போங்கள். தேவையாயின் யாழ்ப்பாணத்திலுள்ள மார்பு நோய்ச் சிகிச்சை நிலையத்துக்கு அனுப்புவார்கள். அங்கே "இருமல்" என்று மட்டும் சொல்லிவிட்டு மருந்தோடு திரும்பி வராதீர்கள். என்ன வேலை செய்கிறீர்கள், எத்தனை வருடமாகச் செய்கிறீர்கள், என்ன தூசி என்பதைச் சொல்லுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் வைத்தியருக்கு அது தெரிய வழியில்லை.

சுவர் இருந்தால்தான் சித்திரம் என்பார்கள். பெண்ணே குடும்பத்தைத் தாங்கும் வீடுகளில் அவள் படுத்துவிட்டால் அடுப்பு எரியாது, பிள்ளையின் படிப்பும் நின்றுபோகும். யுத்தத்தில் தப்பிய உயிரைத் தூசிக்குக் கொடுத்துவிடக் கூடாது. எனவே சகோதரிகளே, அடுத்த முறை வேலைக்குக் கூப்பிடும்போது, "கூலி எவ்வளவு?" என்று கேட்பதோடு நிறுத்தாமல் இன்னும் இரண்டைக் கேளுங்கள்: "அங்கே என்ன தூசி? அதுக்கு என்ன கவசம் தருவியள்?"